இடது பக்கத்து மடையான்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என் வீட்டுக்காரர் முதன்முதலில் வண்ணம் பூசியது ஒரு நீலத் தாழைக்கோழிக்கு. முதுகு, இறக்கை, வால், வாலுக்கடியில் தெரியும் வெள்ளை, ஒரு சிவப்புக் கால், எல்லாம் பழைய கைநேர்த்தியோடு வந்திருந்தன. நீலம் காய்வதற்குள் அதில் ஊதாவை விட்டு, அது தானாகப் பரவி நிற்கும்படி செய்திருந்தார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் கோழிக்குக் கழுத்து இல்லை, தலை இல்லை, அதற்குப் பேர்போன அந்தச் சிவப்பு நெற்றியும் இல்லை. நான் அச்சடித்துக் கொடுத்த கறுப்புக் கோடுகள் மட்டும் அங்கே வெறுமனே இருந்தன. காகிதத்தின் நடுவில் யாரோ ஸ்கேல் வைத்துத் தடுத்த மாதிரி வண்ணம் நின்றுபோயிருந்தது.

"முடிஞ்சுது, காய வை" என்றார். பிரஷ்ஷைக் கழுவித் துணியில் துடைத்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார். இருபது வருஷமாக வேண்டாம் என்று நான் சொல்லிவரும் பழக்கம். நான் படத்தை வாங்கிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காபி போட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பறவைப் படம் செய்கிறவர்கள். நான் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள். அவர் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் ஏரி இருப்பது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, கொசு வரும் என்றுதான் கவலைப்பட்டோம். பிறகு காலை நடையில் ஒரு நாள் முக்குளிப்பான் ஒன்று தண்ணீருக்குள் போய் எங்கேயோ எழுந்ததைப் பார்த்துவிட்டு, அது எங்கே எழும் என்று ஆளுக்கொரு பக்கம் காட்டிப் பந்தயம் கட்டினோம். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். செம்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைய ஆரம்பித்தோம். இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் கை வைத்தால் சண்டைதான் வரும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோனதால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வெட்டுவதும் அச்சு ஒற்றுவதும் நான். வண்ணம் அவர்.

லினோ என்று ஒரு தகடு உண்டு, பழைய தரைவிரிப்பு மாதிரி மெத்தென்று இருக்கும். அதில் பறவையை வரைந்து, கோடு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சின்ன உளியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சி நிற்கும் மேட்டில் ரோலரால் கறுப்பு மை தடவி, காகிதத்தை மேலே போட்டு, எவர்சில்வர் குழிக்கரண்டியின் முதுகால் தேய்ப்பேன். மெஷின் எல்லாம் இல்லை. அந்தக் கரண்டி என் கல்யாணச் சீர். எண்ணெய் மை என்பதால் காய நாள் பிடிக்கும், ஆனால் காய்ந்துவிட்டால் அதன்மேல் எவ்வளவு தண்ணீர் வண்ணம் பூசினாலும் கரையாது. ஹாலில் குறுக்கே கொடி கட்டி மாட்டிவைப்பேன். வருகிறவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

இந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம்தான். தகட்டில் இடது பக்கம் பார்க்கிற பறவை காகிதத்தில் வலது பக்கம் பார்க்கும். கண்ணாடி மாதிரி எல்லாம் மாறிவிடும். அதனால் படத்தை டிரேசிங் தாளில் எடுத்துக் குப்புறப் போட்டுத்தான் தகட்டில் ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை மறந்துவிட்டுத் தங்கள் பெயரையே ஆசை ஆசையாக வெட்டிக்கொண்டு வந்து, ஒற்றிப் பார்த்து, படிக்க முடியாத ஏதோ ஒன்று வந்ததும் முகம் தொங்கிப்போவார்கள். "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று.

மேஜையில் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. கல்யாணத்தன்று தாலி ஏறும்வரை என்னை அவருக்கு வலது பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். ஏறியதும், "பொண்ணு இடம் மாறி உக்காரட்டும்" என்று ஒரு குரல் வந்தது. எழுந்து, பட்டுப்புடவை தடுக்கி, விழப்போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள்தான். சினிமா கொட்டகையிலும், பல்லாவரம் சந்தையிலும், போட்டோவிலும், படுக்கையிலும் இடது பக்கம். சிவனுக்கே பெண்டாட்டி அந்தப் பக்கம்தான், அதை விட்டால் உனக்கு வேறு கிடையாது என்று அவர் கேலி செய்வார்.

ஒரு காலை நேரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே பேசினுக்குப் பக்கத்தில் சரிந்தார். இடது கை, இடது கால் இழுத்துக்கொண்டது. மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. ஆட்டோக்காரரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். பேச்சு நன்றாக இருந்தது, வலது கை நன்றாக இருந்தது. "வண்ணம் பூசற கைக்கு ஒண்ணும் இல்ல, பொழச்சேன்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சாப்பாடு கொடுத்தபோது முதலில் தெரிந்தது. தட்டில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதியில் சோறும் கூட்டும் அப்படியே இருக்க, "அவ்ளோதானா? ஆஸ்பத்திரியில வயித்துக்கு வஞ்சகம் பண்றாங்க" என்றார். தட்டைத் திருப்பி வைத்தேன். "ஆங், இதான் நியாயம்" என்று அதையும் சாப்பிட்டார். சவரம் செய்துகொண்டால் வலது கன்னம் மட்டும் மழமழவென்று இருந்தது. டாக்டர் என்னை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னார்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துடுச்சு. இல்லன்னு அவருக்குத் தெரியாது. அதான் சங்கடமே."

தமிழில் இடம் என்றால் இடது பக்கமும்தான், ஒருத்தர் இருக்கிற இடமும்தான். அவருக்கு ஒன்று போயிற்று, எனக்கு மற்றது போயிற்று. இதை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஊரே அழுதது. அஸ்தினாபுரத்திலிருந்து வந்த நாத்தனார் வாசல்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை அழுதுவிடுங்கள் அண்ணி, இப்படிக் கல்லு மாதிரி இருந்தால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றாள். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோ பெண் அவருடைய இடது உள்ளங்கையில் ஊசி முனையை வைத்து மரத்துப் போயிருக்கிறதா என்று கேட்டபோது அவர், "சேச்சே, நல்லாதான் இருக்கு" என்றார். மரத்துப்போனது என் பக்கம். தோசை சுடும்போது விரல் கல்லில் பட்டுக் கொப்புளம் வந்ததைக்கூட நான் சாயங்காலம்தான் பார்த்தேன்.

அந்தப் பிசியோ பெண் கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். அவரை அங்கிள் என்பாள், என்னை அக்கா என்பாள். இதில் எனக்கு வேறு சமயமாக இருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். வந்த முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். கட்டிலின் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளச் சொன்னாள். மாத்திரை, தண்ணீர், ரிமோட், மூக்குக்கண்ணாடி எல்லாம் இடது பக்கம். யார் பேசினாலும் இடது பக்கம் நின்றுதான் பேச வேண்டும். தேட வைத்தால்தான் மூளை அந்தப் பக்கத்தை மறுபடி கண்டுபிடிக்கும். முதல் சில மாதங்களில் எவ்வளவு வருகிறதோ அதுதான் வரவு, அப்புறம் ரொம்ப மெதுவாகத்தான் வரும் என்றாள்.

"நான் வலது பக்கம் போய் உக்காந்தா என்னைப் பாப்பாரே" என்றேன்.

"பாப்பாருக்கா. ஆனா அதோட நின்னுடுவாரு."

அதனால் நான் இடது பக்கத்திலேயே இருந்தேன். காலையில் மேஜை முன்னால் அவரை உட்கார வைத்துவிட்டு, பழையபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தகடு வெட்டுவேன். என் முழங்கை அவர் முழங்கையில் படும் தூரம். அது உணர்ச்சியில்லாத முழங்கை. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தா, எங்க போய்ட்ட?" என்பார். இங்கேதான் இருக்கிறேன் என்பேன். அவர் வலது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். "அங்க என்ன வேலை, இங்க வந்து உக்காரேன்" என்பார். சமையலறையிலிருந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஒரு நாளில் எத்தனை முறை இது நடக்கும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானச் சத்தத்தில் சில சமயம் என் பதில் அவருக்குக் கேட்காது. அப்போது எனக்குத் திரும்பச் சொல்லத் தோன்றாது.

அவர் நடக்க வேண்டும், மாடி ஏற வேண்டும், சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இந்த மனிதர் தலையைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்து, நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நீலத் தாழைக்கோழிக்குப் பிறகு வரிசையாகப் பாதிப் பறவைகள் வந்தன. தலையில்லாத நாமக்கோழி, ஒற்றை இறக்கை நீர்க்காகம், அலகில்லாத நத்தைக்குத்தி. அவர் மத்தியானம் தூங்கும்போது நான் மீதியைப் பூசி முடித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு பாடுபட்டு உட்கார்ந்து பூசுகிறார், கொடியில் அது அரைகுறையாகத் தொங்குவதை வருகிறவர்கள் பார்த்து "அய்யோ பாவம்" என்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் வண்ணம் சகிக்காது. கோடு பிடித்த கைக்கு ஈரம் பிடிபடாது. தலையெல்லாம் ஸ்கூல் சார்ட் மாதிரியும் உடம்பெல்லாம் உயிரோடும் இருந்தன. அவர் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் பார்த்தது அவர் பூசிய பாதியைத்தான்.

ஒரு நாள் நான் மீதியைப் பூசாமல் ஒரு மீன்கொத்திப் படத்தைக் கொடியிலேயே விட்டிருந்தேன். காய்ந்ததா என்று பார்க்கக் கேட்டார். கொடியில் கால் பக்கம் மேலே வருமாறு மாட்டியிருந்ததை நான் கவனிக்காமல் அப்படியே எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டேன். தலைகீழாக இருந்ததால் வெள்ளையாக விட்ட பாதி இப்போது அவருடைய வலது பக்கம்.

"இது யாரு பண்ணது?" என்றார். "பாதிய அப்டியே விட்டுட்டு எழுந்து போயிருக்க. எதையுமே முடிக்கற பழக்கம் கெடையாது உனக்கு."

டிராஃப்ட்ஸ்மேன் புத்தி. ஒரு கோடு குறைந்த படத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. தொழிற்சாலையில் அதற்காக ஜூனியர்களை அழவிட்டவர். என்னைப் பார்த்து, அதுவும் என்னைப் பார்த்தும் அல்ல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார். இத்தனை நாளில் முதல் தடவையாக எனக்குள் ஏதோ சுருக்கென்றது. கோபம்தான். கோபம் வந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"விட்டது நான் இல்ல. நீங்க."

சிரித்தார். படத்தைத் திருப்பி வைத்து, இப்போது பாருங்கள் என்றேன். "இதோ முழுசா இருக்கே" என்றார். மறுபடி திருப்பினேன். "இதுல விட்டுருக்க" என்றார். இரண்டும் ஒரே காகிதம், ஒரே மீன்கொத்தி என்று சொல்லிக்கொண்டே காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வைத்தேன். பக்கத்து வீட்டில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் கிழவனும் கிழவியும் தாயம் ஆடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அவர் சிரிப்பதை நிறுத்தினார். கையை நீட்டிக் காகிதத்தை அவரே மெதுவாகச் சுற்றினார்.

"எல்லாத்துலயுமா?" என்றார்.

"எல்லாத்துலயும்."

பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். நுனியைக் கூராக்கவில்லை. அதற்குப் பிறகு மேஜைக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு திட்டுவதும் நின்றுபோய், ரசம் வைத்தேன், துணி மடித்தேன், பழையபடி எல்லாம் மந்தமாகிவிட்டது.

அவரை மேஜைக்கு இழுக்க நான் கண்டுபிடித்த வழி, பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. டிரேசிங் தாளைத் திருப்பிப் போடாமல் தகட்டில் ஏற்றினேன். இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பறவையெல்லாம் அச்சில் வலது பக்கம் பார்த்தன. அலகு, கண், கழுத்து, பறவைக்கு உயிர் எங்கே இருக்கிறதோ அதெல்லாம் அவருக்குத் தெரிகிற பக்கம் வந்துவிட்டது. காகிதத்தில் இடத்தை மிச்சம் வைத்து, பறவையையே வலது ஓரத்துக்குத் தள்ளி ஒற்றினேன். ஒரு கொண்டலாத்தியை அப்படி ஒற்றிக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார். எழுந்து வந்து உட்கார்ந்தார்.

கொண்டை நுனி வரை பூசினார். முழுப் பறவை. எங்கள் வீட்டுக் கொடியில் பல நாளுக்குப் பிறகு ஒரு முழுப் பறவை காய்ந்தது. அவர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அதனால் சிரித்தேன். அடுத்து ஒரு கரிச்சான், ஒரு பனங்காடை என்று எல்லாவற்றையும் வலது பக்கமே தள்ளிக்கொண்டு போனேன். கொடியைப் பார்த்தால் எல்லாப் பறவையும் வரிசையாக ஒரே திசையில் எங்கேயோ கிளம்பிப் போகிற மாதிரி இருந்தது. காகிதத்தின் மற்றப் பாதி வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிசியோ பெண் வந்து குனிந்து கொடியைக் கடந்தவள், நிமிர்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கெட்டிக்காரி. அவருக்குக் கேட்காமல் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"அழகா கீதுக்கா" என்றாள். அவசரத்தில் பேசும்போது அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். "ஆனா இது அவருக்கு வசதி. மருந்து இல்ல. நீங்களே லெஃப்ட்ட மூடிட்டீங்க."

அவள் சொன்னது சரி என்பது எனக்கு வெட்டும்போதே தெரியும். அவளிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். புத்தகம் படிக்கிற நோயாளிகளுக்குப் பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுப்போம், அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னாள். பறவைக்கும் அப்படிப் போட முடியாதா என்றாள்.

என் தொழில் அதுதானே. விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு லினோ துண்டு வெட்டினேன். கறுப்பு மை காய்ந்த பிறகு ஒவ்வொரு காகிதத்தின் இடது ஓரத்திலும் சிவப்பு மை தடவி அதை ஒற்றினேன். பறவைகளை மறுபடி ஒழுங்காகத் திருப்பிப் போட்டு வெட்ட ஆரம்பித்தேன், தலை இடது பக்கமே வரட்டும் என்று. அவருக்கு விதி ஒன்றுதான். சிவப்பைப் பார்க்காமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது.

முதலில் பெரிய பேஜார். பாதி வரைக்கும் வந்து கண் திரும்பிப் போய்விடும். அவருக்குக் கோபம் வரும், பிரஷ் பறக்கும். நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பப் போவேன், அதற்கும் சண்டை. பிறகு மெல்ல மெல்ல, கூட்டத்தில் ஆள் தேடுகிறவர் மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடக் கற்றுக்கொண்டார். "சிவப்பு, சிவப்பு, சிவப்பு, ஆங்." ஆங் வந்ததும் அங்கிருந்து தொடங்கி வலது பக்கம் பூசிக்கொண்டு வருவார். நடுவில் மறந்துவிட்டால் மறுபடி சிவப்பு. தலைகள் வர ஆரம்பித்தன. பிசிறு இருந்தது, சில இடத்தில் விட்டுப்போயிற்று, ஆனால் அவை அவர் பூசிய தலைகள். நான் மத்தியானங்களில் பூசுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் சிவப்போடு நின்றுவிட்டது. காகிதத்தின் ஓரம்வரை வருவார், அதைத் தாண்ட மாட்டார். காகிதத்துக்கு இந்தப் பக்கம் நான் குடிக்கும் தண்ணீர்க் குவளை, அதற்கு இந்தப் பக்கம் என் கை. "எங்க போய்ட்ட?" என்பது மட்டும் மாறவில்லை. தலை வந்த பறவைகளைக் காட்ட என்னைத் தேடுவார், ஜன்னல் பக்கம் நீட்டுவார். நான் இடது பக்கத்திலிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்வேன். காகிதம் எப்படிக் கையை விட்டுப் போயிற்று என்று அவர் கேட்டதில்லை.

மடையான் ஜோடி ஒன்று வெட்டினேன். செம்பாக்கம் ஏரியில் மதகுப் பக்கம் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும், கழுத்தே இல்லாத மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு. தவிட்டு நிறத்தில் அசையாமல் இருப்பதால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. பறந்தால்தான் உள்ளே அத்தனை வெள்ளை இருப்பது தெரியும். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். ஒன்றை வலது பக்கமும் ஒன்றை இடது ஓரத்திலும் வைத்தேன். பெயர்ப் பொருத்தத்துக்கு ஆளுக்கொன்று என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குத் தப்பு செய்தது நான். முந்தின நாள் ஒரு கட்டுக் காகிதத்துக்குச் சிவப்புக் கோடு ஒற்றியிருந்தேன். மடையான் படம் மட்டும் கொடியில் பின்னால் இருந்ததால் அதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கவனிக்காமல் எடுத்து அவர் முன்னால் கிளிப் போட்டு வைத்தேன். வண்ணத் தட்டைக் கொடுத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து உளியைத் தீட்டினேன்.

"சிவப்பு, சிவப்பு" என்று ஆரம்பித்தார். கண் வலது மடையானைத் தாண்டி வந்தது. இடது மடையான்மேல் போயிற்று, அவர் நிற்கவில்லை, சிவப்பு வரவில்லையே. காகிதத்தின் ஓரம் வந்தது. அப்போதுதான் கோடு இல்லாததை நான் பார்த்தேன். இருங்கள், மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தலை திரும்புவது நிற்கவில்லை. "சிவப்பு, சிவப்பு." மேஜையின் மரம், அதில் பழைய வண்ணக் கறை, தண்ணீர்க் குவளை, துணி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

என் நகக்கண்களில் முந்தின நாள் சிவப்பு மை இருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் அது இரண்டு நாளைக்குப் போகாது.

"ஆங்" என்றார்.

என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையலை. பிறகு கை வழியாகவே ஏறி வந்து, கொஞ்சம் வழி தவறி, தோளுக்கு வந்து, முகத்துக்கு வந்தார். நரைத்த புருவம் மேலே போயிற்று. அவருடைய கண்கள் என் கண்களில் நின்றன. எத்தனை மாதம்.

"இங்கயா இருக்க?" என்றார்.

"இங்கதான் இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

பொண்ணு இடம் மாறி உட்காரட்டும் என்று சொன்னார்களே, அப்போதிலிருந்து என்று சொல்லியிருக்கலாம்.

"சொல்லக் கூடாதா?" என்றார், கோபமாக. "நான் பாட்டுக்குத் தனியா உக்காந்துனு இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உளியை வைத்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து, நாத்தனார் கேட்ட அழுகையையெல்லாம் அழுதேன். அவர் வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து என் தலையில் வைத்தார். கையில் பிரஷ் இருந்தது. நான் நிமிர்ந்தபோது அவர் முகம் மறுபடி தானாக ஜன்னல் பக்கம் திரும்பிப் போயிருந்தது. ஆனால் போகிற வழியில் கண் இடது மடையானிடம் சிக்கியிருக்க வேண்டும். "ரெண்டு இருக்கே இதுல" என்று அதன் முதுகைத் தவிட்டு நிறத்தில் நனைத்துக்கொண்டிருந்தார். அலகை விட்டுவிட்டார்.

மறுநாள் நான் எந்தக் காகிதத்திலும் சிவப்புக் கோடு ஒற்றவில்லை. விரல்களில் மட்டும் ஒவ்வொரு நகத்தைச் சுற்றியும் மையைத் தடவிக்கொண்டு, அவருக்கு இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.